கௌசிகனை ஏன் வீட்டுக்கு அனுப்பினார்கள்?

மரத்தடியில் உட்கார்ந்து ஒருவன் வேதம் ஓதிக்கொண்டிருந்தான். மேலே கிளையில் ஒரு கொக்கு. அது அவன்மேல் எச்சமிட்டது. கோபத்தோடு அண்ணாந்து பார்த்தான். அந்தப் பார்வையிலேயே கொக்கு செத்து விழுந்தது. “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா” என்று நம் ஊரில் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்களே, அதே கதைதான். நம்மிடையே அது கொங்கணரோடும் வள்ளுவர் மனைவி வாசுகியோடும் சேர்ந்து வழங்குகிறது. மகாபாரதத்தில் இது வனபர்வத்தில் வருகிறது. காட்டில் இருக்கும் தருமபுத்திரருக்கு மார்க்கண்டேயர் சொல்கிறார். அங்கே ஓதிக்கொண்டிருந்தவன் பெயர் கௌசிகன்.

இந்தக் கதையை இப்போது எடுத்ததற்குக் காரணம், எங்கள் உபநிஷத வகுப்பில் வெகுநாளாகச் சுற்றிச் சுற்றி வரும் ஒரு கேள்வி. கேட்டவர் என்னைவிட இளையவர். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். “அக்கா, அவங்களுக்கு ராத்திரி சாப்பாடு ஊட்டி, மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கிற நேரத்துலதான் வகுப்பு. இங்க வந்தா அவங்க காத்துட்டிருப்பாங்க. வராட்டி என் மனசு இங்கயே கெடக்கு. படிக்கிறது பெருசா, அவங்களப் பாக்கறது பெருசா?”

அன்று வகுப்பில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். கடமையைச் செய்தால் போதும், உபநிஷதம் எங்கே ஓடிவிடப் போகிறது என்றார் ஒருவர். கலியுகத்தில் நாமம் சொன்னாலே போதும், இந்தப் படிப்பெல்லாம் பண்டிதர்களுக்கு என்றார் இன்னொருவர். இரண்டும் அன்பாகச் சொல்லப்பட்டவைதான். ஆனால் இரண்டுமே அந்தப் பெண்ணிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொள்வதாக எனக்குப் பட்டது. அவர் முகமும் அதைத்தான் சொன்னது. வீட்டுக்கு வந்து வனபர்வத்தின் அந்தப் பகுதியைத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஏனென்றால் “படிப்பைவிடக் கடமை பெரிது” என்று சொல்ல விரும்புகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது அந்தக் கதையில்தான்.

கொக்கு விழுந்ததும் கௌசிகன் வருந்துகிறான். கோபத்துக்கு இடம் கொடுத்துத் தகாததைச் செய்துவிட்டோமே என்று நொந்துகொள்கிறான். கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். அவன் கெட்டவனல்ல, கல்மனசுக்காரனுமல்ல. பிறகு பிட்சைக்கு ஊருக்குள் போகிறான். ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்கிறான். உள்ளே இருந்த பெண் இருக்கச் சொல்கிறாள். அதற்குள் அவள் கணவன் பசியோடு வந்துவிடுகிறான். கால் கழுவத் தண்ணீர், உட்கார ஆசனம், பிறகு சாப்பாடு என்று அவனைக் கவனிப்பதில் வாசலில் நிற்பவனை மறந்துவிடுகிறாள். நினைவு வந்ததும் பிட்சையோடு வெளியே ஓடிவருகிறாள். கௌசிகனுக்குக் கோபம் தலைக்கேறியிருக்கிறது. இருக்கச் சொல்லிவிட்டு இப்படி நிற்க வைப்பதா என்கிறான். அவள் பணிவாகத்தான் பேசுகிறாள். ஆனால் நான் கொக்கு இல்லை என்றும் சொல்லிவிடுகிறாள். காட்டில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் திகைத்து நிற்கும்போது, நீங்கள் வேதம் கற்றவர்தான், ஆனால் தருமம் என்னவென்று உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, மிதிலையில் ஒரு வேடன் இருக்கிறான், அவனிடம் போய்க் கேளுங்கள் என்று அனுப்புகிறாள்.

மிதிலை ஜனகனின் ஊர். உபநிஷதங்களில் ஞானிகள் கூடி வாதம் செய்யும் சபை அந்த ஜனகனுடையது. அந்த ஊருக்குப் போகும் கௌசிகன் சபைக்குப் போகவில்லை. இறைச்சிக் கடைக்குப் போகிறான். வாங்க வந்தவர்கள் கூட்டமாக நிற்க, இவன் ஓரமாக ஒதுங்கி நிற்கிறான். மானும் எருமையும் விற்றுக்கொண்டிருந்த வேடன் இவனைக் கண்டதும் எழுந்து வருகிறான். அந்தப் பெண்மணி அனுப்பி வந்திருக்கிறீர்கள், தெரியும் என்கிறான். வீட்டுக்கு அழைத்துப் போகிறான். இந்தத் தொழில் உனக்குத் தகாது என்று கௌசிகன் வருத்தத்தோடு சொல்கிறான். அதற்கு வேடன் தரும் பதில் பல அத்தியாயங்களுக்கு நீள்கிறது. இது என் குலத்தொழில், நான் கொல்வதில்லை, பிறர் கொன்றதை விற்கிறேன், நான் இறைச்சி உண்பதில்லை, உண்மை பேசுகிறேன், முடிந்ததைக் கொடுக்கிறேன், தேவர்களும் விருந்தினரும் என்னை நம்பியிருப்பவர்களும் உண்டது போக மிச்சத்தை உண்கிறேன் என்கிறான். கொல்லாமை பேசுகிறவர்களைப் பார்த்து, உழுகிறபோது மண்ணுக்குள் எத்தனை உயிர் சாகிறது என்று யோசிக்கச் சொல்கிறான். புலன்கள், முக்குணங்கள், ஆன்மா வரை பேச்சு போகிறது. வியாத கீதை என்று தனிப்பெயர் வைத்து இதைப் படிக்கிற அளவுக்கு அது கனமான பகுதி.

எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அவன் உள்ளே கூட்டிப்போய்த் தன் தாய் தந்தையரைக் காட்டுகிறான். நல்ல உடை உடுத்தி, வயிறார உண்டு, நல்ல ஆசனத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள் அந்த முதியவர்கள். அவர்கள் காலில் விழுகிறான். எனக்குத் தெய்வம் இவர்கள்தான், வேள்வியும் இவர்கள்தான், நான்கு வேதமும் இவர்கள்தான் என்கிறான். அதன்பிறகு கௌசிகனைப் பார்த்து ஒன்று சொல்கிறான். அதுவரை அந்த விஷயத்தைக் கதை அழுத்தி வைத்திருந்தது. நீங்கள் வேதம் படிக்க வேண்டும் என்று உங்கள் பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டீர்கள், அவர்கள் உங்களை நினைத்து அழுதே கண் இழந்துவிட்டார்கள், உடனே போங்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதுவரை கௌசிகனின் குறை கோபம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த வாசலை நினைத்துப் பாருங்கள். ஒரு கவளம் சோற்றுக்குக் கொஞ்ச நேரம் காக்க வைத்ததற்கு அவனுக்கு அத்தனை ஆத்திரம். அவன் வீட்டிலோ இரண்டு பேர் அவனுக்காகக் கண் போகும்வரை காத்திருக்கிறார்கள். கோபத்தைக் குறைத்துக்கொள் என்று உபதேசம் செய்து அனுப்பியிருந்தால் அவன் இன்னொரு மரத்தடிக்குப் போயிருப்பான். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஒன்றைக் கவனித்துச் சொல்ல வேண்டும். பெற்றோர் மனம் குளிராதவரை உன் தவமும் விரதமும் பயனற்றவை என்று வேடன் கண்டிப்பாகவே சொல்கிறான். ஆனால் வேதத்தை விட்டுவிடு என்று அவன் சொன்னதாக நான் எங்கேயும் காணவில்லை. அந்தப் பெண்ணும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் பேசிய பேச்சே சாஸ்திரம். படிப்பு வீண் என்பதற்குச் சாட்சியாக இழுக்கப்படும் இந்த இரண்டு பேரும் தருமத்தை வரி வரியாக எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தெளிந்தவர்கள். கடமை அவர்களை அறியாமையில் வைக்கவில்லை. பெற்றோருக்குச் செய்யும் பணிவிடையே தன் ஞானக்கண்ணுக்குக் காரணம் என்கிறான் வேடன்.

கதையின் இறுதியில் இன்னொரு செய்தியும் வருகிறது. அந்த வேடன் முற்பிறவியில் வேதம் கற்ற பிராமணன். வில்வித்தையில் வல்ல ஓர் அரசனோடு நட்பு. வேட்டைக்குப் போன இடத்தில் இவன் விட்ட அம்பு தெரியாமல் ஒரு ரிஷியைத் தைக்கிறது. அவர் சாபத்தால் இந்தப் பிறவி. கதையின் கூர்மையை இது மழுக்கிவிடுகிறது, வேடன் வேடனாகவே ஞானியாக இருந்தால் என்ன குறை என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. அந்த ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் வேறொன்றையும் அங்கே பார்க்கிறேன். முற்பிறவியில் வேதம் முழுதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்பு போனது போனதுதான்.

சுவாமி விவேகானந்தர் 1895-96 குளிர்காலத்தில் நியூயார்க்கில் ஆற்றிய கர்ம யோகச் சொற்பொழிவுகளில் இந்தக் கதையைச் சொன்னார். அவர் சொன்ன வடிவத்தில் கௌசிகன் இளம் சந்நியாசி. காகமும் கொக்கும் மரத்தில் சண்டையிட, காய்ந்த இலைகள் அவன் தலையில் உதிர்கின்றன. கடமை என்றால் என்ன என்பதை விளக்கும் பேச்சில் அது வருகிறது. தன் கடமையைப் பற்றில்லாமல், மனம் உவந்து செய்கிறவன் எந்த நிலையில் இருந்தாலும் உச்சிக்குப் போகலாம் என்பது அவர் எடுத்த பொருள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பொருளை நாம் பிறகு எப்படிக் கையாண்டோம் என்பதில் மறுப்பு உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், படிப்பும் கடமையும் இரண்டு கட்சி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? நூல்களிலிருந்து வரவில்லை. பிறக்கும்போதே மூன்று கடனோடு பிறக்கிறோம் என்கிறது தைத்திரீய சம்ஹிதை. ரிஷிகளுக்கு, தேவர்களுக்கு, பித்ருக்களுக்கு. ரிஷிகளுக்குப் பட்ட கடன் அவர்கள் விட்டுப்போனதைக் கற்பதால்தான் தீரும். இல்லறத்தான் தினமும் செய்ய வேண்டிய ஐந்து வேள்விகளில் ஓதுவது ஒன்று. விருந்தினருக்குச் சோறு போடுவதும், மற்ற உயிர்களுக்கு ஒரு பிடி வைப்பதும் அதே ஐந்தில் அடங்கும். அப்படியானால் படிப்பும் கடமைதான். கடமைகள் ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு வழிவிடுவது என்பதே உண்மையான சிக்கல்.

தைத்திரீய உபநிஷதத்தின் சீக்ஷாவல்லியில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. செய்ய வேண்டியவை என்று பன்னிரண்டு விஷயங்களை அது அடுக்குகிறது. ஒழுங்கு, உண்மை, தவம், புலனடக்கம், மன அமைதி, அக்னி, அக்னிஹோத்திரம், விருந்தினர், மனிதர்களோடு நடந்துகொள்ள வேண்டிய முறை, பிள்ளைகள், மகப்பேறு, பேரப்பிள்ளைகள். ஒவ்வொன்றைச் சொல்லும்போதும் கற்பதையும் கற்பிப்பதையும் சேர்த்தே சொல்கிறது. பன்னிரண்டு தடவையும் சலிக்காமல். முடிவில் மூன்று ஆசிரியர்களின் கருத்து வருகிறது. ராதீதரர் உண்மைதான் முக்கியம் என்கிறார். பௌருசிஷ்டி தவம் என்கிறார். நாக மௌத்கல்யர் கற்றலும் கற்பித்தலும்தான், அதுவே தவம் என்கிறார். கடைசி வார்த்தை மௌத்கல்யருடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விருந்தினரையும் பேரப்பிள்ளைகளையும் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்து படிக்கும் ஒருவனை அந்தப் பட்டியலில் தேடினாலும் காண முடியாது.

பக்தியின் பக்கம் வந்தால், கீதையின் பதினோராம் அத்தியாயத்தில் வேதத்தாலோ தவத்தாலோ தானத்தாலோ தன் உருவத்தைக் காண முடியாது, பக்தியால் மட்டுமே முடியும் என்கிறான் கண்ணன். அதே கண்ணன் பதினெட்டாவதில், இந்த உரையாடலைப் படிக்கிறவன் ஞான வேள்வியால் தன்னை வழிபட்டவன் ஆகிறான் என்கிறான். பதினோராவதை மட்டும் பிடித்துக்கொள்கிறவர்களிடம் பதினெட்டையும் வாசியுங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

ஸ்ரீரங்கத்தில் நடந்ததாகச் சைதன்ய சரிதாம்ருதம் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. சைதன்யர் தெற்கே யாத்திரை வந்தபோது மழைக்கால நான்கு மாதங்கள் ஸ்ரீரங்கத்தில் வேங்கட பட்டர் என்ற ஸ்ரீவைஷ்ணவர் வீட்டில் தங்கியிருந்தார். கோயிலில் ஒரு பிராமணர் தினமும் கீதை வாசிப்பார். உச்சரிப்பு முழுக்கப் பிழை. கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல், கண்ணீர் பெருகப் பெருக வாசித்துக்கொண்டிருப்பார். எந்தப் பொருளை உணர்ந்து இப்படி உருகுகிறீர்கள் என்று சைதன்யர் கேட்டார். எனக்குப் பொருளே தெரியாது, வாசிக்கச் சொன்னது என் குரு, வாசிக்கும்போது அர்ஜுனன் தேரில் கடிவாளத்தைப் பிடித்தபடி கரிய மேனியோடு உட்கார்ந்திருக்கும் கண்ணன் தெரிகிறான், அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது என்றார் அவர். கீதை படிக்கத் தகுதியுள்ளவர் நீங்கள்தான் என்று சைதன்யர் அவரைத் தழுவிக்கொண்டார்.

பாண்டித்தியம் எதற்கு, பக்தி போதும் என்று சொல்ல இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் அந்த மனிதர் புத்தகத்தைக் கீழே வைக்கவே இல்லையே! பொருள் புரியவில்லை, ஊர் சிரிக்கிறது, ஆனாலும் குரு சொன்னார் என்று நாள் தவறாமல் வாசித்தார். குருவின் சொல்லைக் காப்பது கடமை. வாசிப்பது படிப்பு. கண்ணீர் பக்தி. அவரிடம் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை.

இப்போது அந்த மறுப்புக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியதே அதுதான்.

“உனக்குக் கடமை போதும்” என்ற வார்த்தையை யார் யாருக்குச் சொன்னார்கள் என்று பாருங்கள். தருமசாஸ்திரங்கள் பெண்களுக்கும் சூத்திரர் என்று வைக்கப்பட்டவர்களுக்கும் வேதம் ஓதும் உரிமையை மறுத்தன. மறுத்த கையோடு ஆறுதலும் சொன்னார்கள். உனக்குப் பதிவிரதா தருமம் இருக்கிறது, உனக்குக் குலத்தொழில் இருக்கிறது, அதிலேயே மோட்சம் உண்டு. கௌசிகன் கதையும் அந்த ஆறுதலாகப் பயன்பட்டது. வீட்டுப் பெண்ணும் இறைச்சிக் கடைக்காரனும் வேதியனுக்கே குருவான கதை, அவர்களைப் போன்றவர்கள் படிக்க வேண்டியதில்லை என்பதற்குச் சான்றாகிப்போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கொதிக்கிறது. கதையில் அந்தப் பெண் தானாக உணர்ந்து, தன் வாயால் தன்னைப் பற்றிச் சொல்கிறாள். வேடனும் அப்படியே. கணவனே தெய்வம் என்ற அவள் சொல்லை இன்று யார் மேலும் சுமத்த நான் தயாரில்லை. ஆனால் கற்றவன் முன் தலைநிமிர்ந்து நின்று, உனக்குத் தருமம் தெரியவில்லை என்று சொன்னாளே, அந்தத் தெளிவை எடுத்துக்கொள்கிறேன். கடமை போதும் என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவருக்கு, அதுவும் படிக்கத் தவிக்கிறவருக்கு, அதைச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

விநோபா பாவேயின் தாயார் ருக்மிணி தேவிக்கு சம்ஸ்கிருதம் தெரியாது. கீதையைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசை. மராத்தியில் கிடைத்த மொழிபெயர்ப்பு அவருக்குக் கடினமாக இருந்தது. நீயே ஏன் எழுதக் கூடாது என்று மகனிடம் கேட்டார். வீட்டு வேலையும் பூஜையுமாக வாழ்ந்த அந்த அம்மாவிடம், உங்களுக்கு எதற்கம்மா கீதை, பக்திதான் இருக்கிறதே என்று மகன் சொல்லவில்லை. 1918இல் தாயார் மறைந்துவிட்டார். 1930-31இல் விநோபா ‘கீதாயி’ என்ற பெயரில் கீதையை எளிய மராத்திப் பாட்டாக்கினார். மறு ஆண்டு, 1932இல், தூலியா சிறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் அத்தியாயமாகச் சக கைதிகளுக்கு கீதையைச் சொன்னார். அங்கே கைதியாக இருந்த சானே குருஜி கேட்கக் கேட்க எழுதி வைத்தார். அப்படி வந்ததுதான் கீதைப் பேருரைகள். தமிழிலும் கிடைக்கிறது. எளிமைக்காக அதைத் தேடிப் படியுங்கள். தெளிவு எப்படித் தானாக எளிமையைக் கொண்டுவருகிறது என்பதும் தெரியும்.

இதில் என்னை அசைப்பது, படிப்பு எந்தத் திசையில் நடந்துபோகிறது என்பதுதான். கௌசிகன் படிப்புக்காகப் பெற்றோரை விட்டு நகர்ந்தான். விநோபா படித்ததை எடுத்துக்கொண்டு தாயாரின் பக்கம் நடந்தார். அவர் உயிரோடு இல்லாதபோதும் நடந்தார். சிறைக்குள் வேறெங்கும் போக முடியாதவர்களிடம் கீதையைக் கொண்டுபோனார்.

அந்தப் பெண்ணிடம் அடுத்த வாரம் தனியாகப் பேசினேன். மாமியாரைக் காக்க வைக்காதீர்கள் என்று சொன்னேன். படிப்பை விடாதீர்கள் என்றும் சொன்னேன். இரண்டில் எது பெரிது என்று உங்களைக் கேட்கும் நிலைக்கு யார் தள்ளியது என்று யோசித்தபோது, வகுப்பு நேரத்தை முடிவு செய்த எங்களில் ஒருவர் வீட்டில்கூட இப்போது படுக்கையில் யாரும் இல்லை என்பது உறைத்தது. மாலை ஏழு மணி, சமையலும் மாத்திரையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடமும் ஒன்றாக வந்து விழுகிற நேரம். கடமை உள்ளவர்கள் வரவே முடியாத நேரத்தில் வகுப்பை வைத்துவிட்டு, கடமையா படிப்பா என்று அவர்களிடமே தத்துவம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பாடம் சொல்லும் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து வகுப்பு பகல் மூன்று மணிக்கு. வர முடியாதவர்களுக்குப் பாடத்தைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் பொறுப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு காலை ஒருமுறை அதே பாடத்தைத் திரும்ப நடத்த முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். எடுக்கப்போவது சீக்ஷாவல்லி. முன்பின் சம்ஸ்கிருதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம்.